கண்ணால் பார்த்த கரண்ட்

கேள்வி: கொழும்பில் ஒருவர் காந்த ஜெனரேற்றர் செய்திருக்கிறார். ஒருமுறை பற்றரியால் ஓடவிட்டால் போதும், பிறகு தானாகவே ஓடி, வாங்கியதைவிட மூன்று மடங்கு கரண்ட் தருகிறது. ஐந்து பல்ப் அரை மணித்தியாலம் எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். முற்பணம் கட்டினால் நமக்கும் ஒன்று செய்து தருவாராம். தமிழ்நாட்டில் மூலிகைப் பெற்றோல் செய்த ராமர் பிள்ளையை அடக்கியதுபோல இவரையும் அடக்கிவிடுவார்களோ?
- வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: முற்பணம் கட்டாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

'என் கண்ணால் பார்த்தேன்' என்கிறீர்களே, அதை விட்டு எனக்கு நகர முடியவில்லை. 1812இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் சனம் காசு கொடுத்துக் கண்ணால்தான் பார்த்தது. சார்ள்ஸ் ரெட்ஹெஃபர் என்பவர் தானாக ஓடும் இயந்திரம் என்று ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தார். பல்சக்கரம் வழியாக அது இன்னோர் இயந்திரத்தையும் ஓட்டுகிறதாம். சோதிக்க வந்தவர்கள் சக்கரத்தின் பற்களைப் பார்த்தார்கள். தேய்மானம் மறுபக்கத்தில் இருந்தது. அதாவது இது அதை ஓட்டவில்லை. அதுதான் இதை ஓட்டியிருக்கிறது.

மனுஷன் அசரவில்லை. அடுத்த வருடமே நியூயோர்க்கில் கடை விரித்தார். பார்க்க வந்தவர்களில் நீராவிக் கப்பல் புகழ் ரொபேர்ட் ஃபுல்ட்டனும் ஒருவர். அவர் கண்ணை நம்பவில்லை, காதைக் கொடுத்தார். ஓட்டம் சீராக இல்லை. யாரோ கையால் பிடியைச் சுற்றும்போது வருவதுபோல வேகம் ஏறி இறங்கியது. இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் இருந்த பலகைகளை அங்கேயே பெயர்த்தார். உள்ளே நரம்பு வார் ஒன்று ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் மேல்மாடி அறையில் நீண்ட தாடிக் கிழவர் ஒருவர், பாண் துண்டைக் கடித்தபடி பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்! கூட்டம் கொதித்துப்போய் இயந்திரத்தை நொறுக்கியது. எனக்கு அந்தக் கிழவரை நினைத்தால்தான் இரக்கம். அத்தனை பேர் பார்த்து வியந்த சக்தி முழுவதும் அவர் தின்ற பாணிலிருந்து வந்தது.

உங்கள் ஆளுக்குக் கிழவர் தேவையில்லை, பற்றரியே போதும். யூ.பி.எஸ். பெட்டிக்குள் இருக்குமே, 12 வோல்ற், 7 அம்பியர் மணித்தியாலம் என்று எழுதிய சின்னப் பற்றரி, அதையே எடுங்கள். முழுச் சார்ஜில் அதில் சுமார் 84 வோட் மணித்தியாலம் இருக்கும். 9 வோட் எல்.ஈ.டி. பல்ப் ஐந்து, அரை மணித்தியாலம் எரிய வேண்டியது 22.5. கால்வாசிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். பிறகு மீற்றரை வைத்தால் ஊசி அப்போதும் 12க்கு மேலே நிற்கும். 'பார்த்தீர்களா, பற்றரி இறங்கவே இல்லை' என்பார். வோல்ற் வேறு, மிச்சமிருக்கும் சக்தி வேறு. அவர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. தன் மீற்றரைத் தானே நம்பியிருக்கலாம். உங்கள் காசு போவது இரண்டிலும் ஒன்றுதான்.

காந்தத்தில் மர்மம் எதுவும் இல்லை. இழுக்கும்போது கொடுப்பதை, விலகும்போது திரும்ப வாங்கிவிடும். ஒரு சுற்று முடிந்தால் கையில் மிச்சம் கிடையாது. உராய்வுக்கும் சூட்டுக்கும் போனது நட்டம். இப்படியான இயந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பரிஸ் விஞ்ஞானக் கழகம் 1775இலேயே கதவைச் சாத்திவிட்டது.

ராமர் பிள்ளையை யாரும் அடக்கவில்லை. மூலிகைப் பெற்றோல் என்று விற்றது பெற்றோலிய இரசாயனங்களின் கலவை என்றுதான் வழக்கு. 1996இல் கிளம்பிய கதைக்கு 2016இல் சென்னை நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறை விதித்தது. அதை 'அடக்குதல்' என்றால், நம்பிக் காசு கொடுத்தவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த நாடு இது. கரண்ட் தருகிறேன் என்று யார் வந்தாலும் மனம் இளகத்தான் செய்யும். என் கோபம் வேறிடத்தில். 'சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது' என்று சாதாரண தரப் பிள்ளை ஒவ்வொன்றும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும். அந்தப் பிள்ளையின் கையில் ஒருநாளாவது மீற்றரைக் கொடுத்தோமா? இதை எழுதும்போதெல்லாம் விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும். பாடமாக்கிய விதி, முற்பணம் கட்டப் போகிறவரைத் தடுக்காது.

சரி, அவரிடம் ஒன்று கேளுங்கள். வெளியே வரும் கரண்டில் ஒரு பங்கை உள்ளே திருப்பிக் கொடுத்து, பற்றரியைக் கழற்றி உங்களிடம் தரட்டும். இயந்திரத்தை உங்கள் வீட்டு அறையில் பூட்டி, சாவியையும் நீங்களே வைத்திருங்கள். பல்ப் ஒரு மாதம் எரியட்டும். மூன்று மடங்கு தருகிற இயந்திரத்துக்கு இது ஒரு வேலையே இல்லை. அவர் சாக்குச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த நாட்டில் கரண்டுக்காகப் பாடுபட்ட ஒருவரைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கலாம். டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர்கள் முன் கணக்கோடு கட்டுரை வைத்தார். யாரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு. தண்ணீரை மலைக்கு ஏற்றுவது சூரியன் என்பதால் அங்கே எந்த விதியும் உடையவில்லை. அந்த வழியில் வந்த லக்சபான நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். இடையில் அவர் பட்டதைக் கேளுங்கள், அடுத்த இதழில் நாலு பக்கம் எழுதுகிறேன்.