எல்எஸ்டி போட முதல் கேட்டவை

யாழ்ப்பாணத்தில் கியர் பொக்ஸ் வேலை செய்யும் மெக்கானிக் ஒருவர், மனுவல் கார் வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் உள்ளது கேட்டவரின் ஊர். டிஃபரன்சியல் (டிஃப்) என்பது வளைவில் இரண்டு சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதி. அதில் ஒரு சில்லு மட்டும் சும்மா சுத்துவதைக் குறைக்கும் வகைதான் எல்எஸ்டி (லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்சியல்).

கொக்குவில்: அண்ணை, என்னுடையது ஹொண்டா சிவிக். மழைக்குள் வளைவில் அக்சிலேட்டரை அமத்தினால் உள்பக்கச் சில்லு சும்மா சுத்துது. எல்எஸ்டி போட்டால் நிற்குமா?

குறையும் தம்பி. சாதாரண டிஃபரன்சியல் இரண்டு சில்லுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். உள்பக்கச் சில்லு வழுக்கத் தொடங்கினால் அது தாங்கும் விசை கொஞ்சம், மற்றச் சில்லுக்கும் அந்தக் கொஞ்சம்தான். எல்எஸ்டி இருந்தால் பிடி உள்ள பக்கத்துக்குக் கூடுதலாகப் போகும். ஆனால் முதலில் டயரைப் பாருங்கள். மொட்டை டயரோடு எல்எஸ்டி கேட்டு வருபவர்களை நான் டயர் கடைக்குத்தான் அனுப்புகிறேன்.

கோண்டாவில்: பிளேட் வகையா, ஹெலிக்கலா?

ரோட்டில் ஓடும் காருக்கு ஹெலிக்கல். அதன் உள்ளே சாய்ந்த பல்சக்கரங்கள் மட்டும், மற்ற வகையில் போலத் தேய்வதற்கு உராய்வுப் பிளேட் இல்லை. 1997 இல் வந்த சிவிக் டைப் ஆருக்கு ஹொண்டாவே போட்டது இதைத்தான். ஒரு சில்லு நிலத்தை விட்டு எழும்பினால் மட்டும் சாதாரண டிஃப் மாதிரி ஆகிவிடும். பிளேட் வகை அப்போதும் பிடிக்கும். ஆனால் ஒடித்துத் திருப்பும்போது கடகடக்கும், பிளேட் தேய்ந்ததும் பெட்டியைத் திரும்ப இறக்க வேண்டும்.

நல்லூர்: கியர் பொக்ஸை இறக்காமல் போட முடியாதா?

முடியாது. முன்சில்லு இழுக்கும் காரில் டிஃப் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. இறக்கி, கேஸைப் பிரித்து, பழைய டிஃபிலிருந்து பெரிய பல்சக்கரத்தைக் கழற்றி எல்எஸ்டியில் பூட்ட வேண்டும். ஹொண்டாவில் அந்த போல்ட்டுகள் இடது புரி. தெரியாமல் வழமைபோலக் கழற்றப் போனால் இறுகிக்கொண்டே போய் முறியும். பூட்டும்போது எதிரெதிராக, இறுக்கும் விசையைக் காட்டும் டோர்க் ரெஞ்ச் வைத்து, கம்பனியின் திருத்தக் கையேட்டில் உள்ள அளவுக்கு. கை மதிப்பு இங்கே சரிவராது.

பெயரிங் புதிது போடுங்கள், சுத்தியலால் அடிக்காமல் பிரஸ்ஸில் ஏற்றுங்கள். அப்புறம்தான் பலர் தாண்டிப் போகும் வேலை: ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) அளப்பது. எல்எஸ்டியின் உடல் பழையதைவிட மயிரளவு கூடக்குறைய இருக்கலாம், ஆகவே பழைய ஷிம் பொருந்தும் என்று நம்பக்கூடாது. பி சீரிஸ் என்ஜினோடு வரும் சிவிக் பெட்டியில் ஷிம்முக்கும் பெயரிங்குக்கும் இடைவெளி 0 முதல் 0.10 மில்லிமீற்றர், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து அளக்கலாம். கூம்பு பெயரிங் உள்ள வேறு பெட்டிகளில் இடைவெளியே இருக்கக்கூடாது, இறுக்கம் வேண்டும். அதைச் சுழற்றும் விசையைக் கொண்டு பார்ப்பார்கள். "போட்டபின் ஊளையிடுது" என்று திரும்பி வரும் கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான்.

பெட்டி கீழே இருக்கும்போதே அக்சில் சீல்களையும், தேய்ந்திருந்தால் கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிடுங்கள். இன்னொருமுறை இறக்கும் கூலியை நினைத்தால் அது மலிவு.

மானிப்பாய்: ஒயில்?

ஹெலிக்கலுக்குக் கம்பனி சொன்ன கியர் ஒயிலே போதும். பிளேட் வகைக்கு எல்எஸ்டி தயாரித்தவர் சொல்வதை ஊற்றுங்கள். பெட்டிக்கும் டிஃபுக்கும் ஒரே ஒயில் என்பதால், ஜிஎல்-5 தரம் என்று போட்ட கண்ட கியர் ஒயிலையும் ஊற்ற வேண்டாம். சிலவற்றில் உள்ள கந்தகச் சேர்க்கை கியர் மாற்ற உதவும் பித்தளை சின்க்ரோ வளையத்தைக் கெடுக்கும்.

சாவகச்சேரி: கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடையில் எல்எஸ்டி ஒன்று இருக்காம். எப்படிச் சோதிப்பது?

இரண்டு சில்லையும் தூக்கி, நியூட்ரலில் ஒன்றைச் சுத்தி, மற்றது எதிர்ப்பக்கம் சுத்தினால் எல்எஸ்டி இல்லை என்பார்கள். பிளேட் வகைக்கு அது ஓரளவு சரி. ஹெலிக்கல் அப்படியே எதிர்ப்பக்கம் சுத்தும், அதை வைத்து ஏமாற வேண்டாம். கழற்றி வைத்த சாமான் என்றால் அக்சில் நுழையும் இடத்து ஸ்ப்ளைன் பற்களை எண்ணுங்கள், போல்ட் துளைகளை எண்ணுங்கள், பெயரிங் இருக்கையை மைக்ரோமீற்றரால் அளவுங்கள்.

நெல்லியடி: டொல்பின் வான், மணற்காட்டு மணலில் புதையுது. டிஃபின் உள்பல்சக்கரங்கள் அசையாதபடி வெல்டிங் அடித்துவிட்டால் செலவு குறைவுதானே அண்ணை?

வேண்டாம். தார் ரோட்டில் திருப்பும்போது ஒரு டயர் தேய்ந்து இழுபடும், அக்சிலும் முறியலாம். பின்சில்லு வாகனத்துக்கு எல்எஸ்டி போடலாம். ஆனால் அங்கே கிரவுண் பினியன் என்ற பல்சக்கரச் சோடியின் பல் இடைவெளியையும் பல் படியும் அடையாளத்தையும் சரிபார்க்க வேண்டும், அது தனிக் கைவேலை. மணலுக்குள் இறங்க முதல் டயர்க் காற்றைக் குறைத்துப் பாருங்கள், வெளியே வந்ததும் திரும்ப அடித்துவிடுங்கள்.