நகைச்சுவைப் படங்களுக்கு ஏன் இரண்டாம் இடம்?

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து, மனதுக்குப் பிடித்த படங்கள் என்று ஆளுக்குப் பத்து எழுதினோம். என்னுடையவை பத்தும் கனமான குடும்பக் கதைகள், சோகப் படங்கள். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை நகைச்சுவைப் படங்கள்தான். ‘காதலிக்க நேரமில்லை’யை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே கிடையாது. இருந்தும் அதை எழுதக் கை வரவில்லை. சிரிப்புப் படம் பொழுதுபோக்கு, அழவைப்பதுதான் கலை என்ற எண்ணம் உள்ளே ஊறிக் கிடக்கிறது. இது சரிதானா? இன்னொரு கேள்வி. சில நகைச்சுவைக் காட்சிகள் சீக்கிரமே சலித்துவிடுகின்றன, சில எத்தனை வருடமானாலும் சலிப்பதில்லை. ஏன்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அழுதுவிட்டுத் திரையரங்கை விட்டு வரும்போது ஏதோ பெரிய விஷயத்தைத் தொட்டுவிட்டு வந்ததுபோல் இருக்கும். சிரித்துவிட்டு வரும்போது அப்படி இருப்பதில்லை. சிரிப்பு அந்த நிமிஷத்திலேயே செலவாகிவிடுகிறது. அதனால்தான் உங்களுக்குக் கை வரவில்லை. நான் இதை ஏற்கவில்லை. ஒரு படத்தைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறீர்கள் என்றால், அது நல்ல படம் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? தயங்காமல் எழுதுங்கள்.

1964இல் ஸ்ரீதர் எடுத்த அந்தப் படத்தில், நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் நாகேஷைப் பற்றித்தான் பேசுவார்கள். அடுத்த முறை பாலையாவை மட்டும் பாருங்கள். நம்மைச் சிரிக்கவைக்க அவர் எந்த இடத்திலும் முயலவில்லை. பயப்படுகிறார், அவ்வளவுதான். பெற்ற பிள்ளை சினிமாவுக்காகக் கட்டிய கதை என்று அவருக்குத் தெரியும். எதிரே இருப்பது நாகேஷின் வாயிலிருந்து வரும் ஓசைகளும் கையசைவும் மட்டுமே. ஆனாலும் அந்த முகத்தில் பயம் மெதுவாக ஏறுகிறது. ‘எப்படிப் பயப்படுகிறேன் பார்’ என்ற பாவனை துளி கலந்திருந்தாலும் காட்சி விழுந்திருக்கும். இந்தக் கட்டுப்பாட்டைச் சோக நடிப்பில் பார்த்தால் உடனே மகா நடிகர் என்கிறோம். நகைச்சுவையில் பார்த்தால் ‘நல்லா சிரிச்சோம்’ என்பதோடு விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

தான் வேடிக்கையானவன் என்பது நல்ல நகைச்சுவைப் பாத்திரத்துக்குத் தெரியாது. அவனுக்கு அது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. ‘திருவிளையாடல்’ (1965) தருமியை நினைத்துப் பாருங்கள். வறுமையில் வாடும் புலவன். ஆயிரம் பொன் பரிசு கிடைத்தால் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடும், ஆனால் பாட்டு எழுத வரவில்லை. தனியாக நின்று கடவுளிடம் புலம்புகிறான். இதைக் கதையாகச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். நாகேஷ் அந்த ஏக்கத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் நடித்தார், நாம் சிரித்தோம். அது சோகமா சிரிப்பா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, பிரிக்கவும் விருப்பமில்லை.

நல்ல சோகப் படத்திலும் இதைத்தான் தேடுகிறேன். ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) மனைவியை இழந்த கிழவர் வெளியே போய் நிற்கிறார். தேடி வந்த மருமகளிடம், விடியல் அழகாக இருந்தது, இன்றைக்கும் வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார். அழுகை இல்லை, வசனமழை இல்லை. பாத்திரம் அழ மறுக்கும் இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கும். பாத்திரத்துக்கு முன்னால் வயலின் அழ ஆரம்பித்துவிடும் படங்களில் என் மனம் ஒட்டுவதில்லை. அப்படி எத்தனையோ படங்களைக் காவியம் என்று தூக்கிவைத்திருக்கிறோம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பெரும்பாலும் இதுதான் பதில். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சி இன்னும் சலிக்கவில்லை. இன்னொரு பழம் எங்கே என்று கவுண்டமணி கேட்கக் கேட்க, கையிலிருப்பதைக் காட்டி ‘அதுதான் இது’ என்கிறார் செந்தில். ஒவ்வொரு முறையும் அதே பணிவு, அதே நம்பிக்கை. கவுண்டமணிக்கோ கணக்கு நேராக வேண்டும், அதைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டு பேரும் தங்கள் பக்க நியாயத்தில் உறுதியாக நிற்கிறார்கள். அதனால் பதில் தெரிந்த பிறகும் காட்சி உயிரோடு இருக்கிறது. இதே ஜோடி, நிறத்தையும் உடம்பையும் கேலி செய்து சிரிப்பு வாங்கிய காட்சிகளும் நிறைய உண்டு. இன்று அவற்றை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. வாழைப்பழக் காட்சியும் அதே காலத்தில், அதே இருவரை வைத்து எடுத்ததுதானே?

அன்புடன்