பிரிட்டனில் மோட்டார்வே (குறுக்குச் சாலையோ சிக்னலோ இல்லாத அதிவேக நெடுஞ்சாலை) கட்டியபோது எடுத்த பழைய படங்களில் அப்படி என்னதான் பார்க்க இருக்கிறது?

சாலை போடுகிற படத்தில் மண்ணும் மெஷினும் தவிர என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிப் படங்களுக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். அமைச்சர் ரிப்பன் வெட்டுவது, கோட்டு போட்டவர்கள் வரிசையாக நிற்பது எல்லாவற்றையும் பார்க்காமலே தள்ளிவிடலாம். மிச்சப் பாதிதான் சரக்கு.

நான் இங்கிலாந்தில் சாலை வேலையில் சைட் இன்ஜினியர். அதனால் இந்தப் படங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம், கழித்துக்கொண்டு படியுங்கள்.

இவை கலைக்காக எடுத்தவை அல்ல. இன்ன தேதியில் இன்ன இடத்தில் வேலை இவ்வளவு முடிந்திருந்தது என்று காட்டத்தான் காண்ட்ராக்டர்கள் படம் எடுப்பார்கள். மழையால் வேலை நின்றதா, மண் சரிந்ததா, பில் பாஸாக வேண்டுமா, எல்லாவற்றுக்கும் சாட்சி அதுதான். இன்றைக்கு நாங்கள் போனில் செய்வதும் இதே வேலை. எடுத்தவர் நடுவில் இருக்கும் பாலத்தைத்தான் குறிவைத்திருப்பார். ஓரத்தில் என்ன விழுந்தது என்று அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். நான் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

எம்1 சாலையிலிருந்து ஆரம்பியுங்கள். லூட்டன் பக்கத்திலிருந்து வடக்கே கிரிக் வரை சுமார் 55 மைலை ஜான் லெய்ங் கம்பெனி கட்டியது. 1958 மார்ச்சில் வேலை தொடங்கியது, 1959 நவம்பர் 2 அன்று திறந்துவிட்டார்கள். மாதத்துக்குக் கிட்டத்தட்ட 3 மைல்! அதுவும் 1958 கோடை முழுக்க மழை. களிமண்ணில் சக்கரம் புதைந்த வண்டிகளைப் படத்தில் பார்க்கும்போது எனக்கே வயிற்றைக் கலக்கும். அடுத்த கோடை நல்ல வெயில் அடித்ததால் பிழைத்தார்கள்.

லெய்ங் கம்பெனியின் படங்களில் எனக்குப் பிடித்த வகை, வயலுக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கும் பாலங்கள். மேலேயும் சாலை இல்லை, கீழேயும் சாலை இல்லை. பாலத்தை முதலில் கட்டி முடித்துவிட்டால், மண் வெட்டும் ஸ்க்ரேப்பர்கள் அடியில் தடையில்லாமல் ஓடலாம், குறுக்கே போகும் ஊர்ச்சாலையையும் பாலத்துக்கு மாற்றிவிடலாம். சர் ஓவன் வில்லியம்ஸ் வடிவமைத்த அந்தப் பாலங்கள் தடிமனாக, முரட்டுத்தனமாக இருக்கும். அழகே இல்லை என்று அப்போதே திட்டினார்கள். ஆனால் ஒரே மாதிரி வடிவத்தில் பாலங்களை வரிசையாகப் போட்டதால்தான் அந்த வேகம் வந்தது. என்னைக் கேட்டால் அவர் செய்தது சரி.

அதே படங்களில் ஆட்களைப் பாருங்கள். தலையில் துணித்தொப்பி, அல்லது ஒன்றுமே இல்லை. சென்ட்ரிங் பலகை மேல் நின்று கம்பி கட்டுகிறவர் பழைய கோட்டும் சாதாரண பூட்ஸும்தான் போட்டிருப்பார். கட்டுமான வேலையில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கும் சட்டவிதி 1989இல்தான் வந்தது. இவர்களில் நிறையப் பேர் அயர்லாந்திலிருந்து வேலை தேடி வந்தவர்கள். திறப்பு விழாப் படத்தில் இந்த முகங்களைத் தேடினால் கிடைக்காது.

எம்1 பெயர் தட்டிக்கொண்டாலும், நாட்டின் முதல் மோட்டார்வே அதற்கு ஒரு வருடம் முன்பே திறந்த பிரெஸ்டன் பைபாஸ்தான். சுமார் 13 கிலோமீட்டர். லங்காஷயரின் சாலைப் பொறியாளர் ஜேம்ஸ் டிரேக் பிடிவாதமாக நின்று கொண்டுவந்தது. 1958 டிசம்பர் 5 அன்று பிரதமர் மேக்மில்லன் திறந்துவைத்தார். பக்கத்துக்கு இரண்டே தடம், நடுவில் மட்டும் விசாலமான புல்வெளி. அது அழகுக்கு விட்டதில்லை, பின்னால் மூன்றாவது தடம் போட ஒதுக்கிய இடம். திறந்த 46ஆம் நாளே சாலையை மூடினார்கள்! உறைபனியும் அடுத்து வந்த திடீர் இளக்கமும் மேற்பரப்பைப் பெயர்த்துவிட்டன. சாலைக்குள் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் சொல்லித்தரும் கதை இது.

பர்மிங்ஹாமில் பல சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் ஸ்பகெட்டி ஜங்ஷன் படங்களை எல்லாரும் வானத்திலிருந்துதான் காட்டுவார்கள். 1972இல் திறந்தது, 559 கான்கிரீட் தூண்கள். நீங்கள் தரையிலிருந்து எடுத்ததைத் தேடுங்கள். அடியில் பழைய கால்வாய்கள் ஓடுகின்றன. கரையில் நடக்கும் குதிரை கயிறு கட்டிப் படகு இழுத்தால் கயிறு தூணில் மாட்டக்கூடாது என்று பார்த்துத் தூண்களை வைத்தார்கள்.

ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்றால் லண்டன் வெஸ்ட்வேயின் திறப்பு நாளைப் பாருங்கள், 1970 ஜூலை 28. இரண்டரை மைல் மேம்பாலம், கட்டியது அதே லெய்ங்தான். நார்த் கென்சிங்டனில் வரிசை வரிசையாக வீடுகளை இடித்துக்கொண்டு போனது. இடிக்காமல் விட்ட வீடுகளின் கதிதான் இன்னும் மோசம்: அக்லம் ரோட்டில் மாடி ஜன்னலிலிருந்து சுமார் 20 அடியில் கார்கள். இளநிலை அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் திறக்க வந்த அன்று, அந்த வீடுகளில் ஒரு பெரிய துணியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இந்த நரகத்திலிருந்து எங்களை வெளியேற்றுங்கள், வேறு வீடு கொடுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. மேலே பளபளக்கும் புதுச் சாலை, பக்கத்திலேயே அந்தத் துணி. காண்ட்ராக்டரின் ஆல்பத்தில் இந்தக் கோணம் எதற்கு இருக்கப் போகிறது? பத்திரிகைக்காரர்கள் எடுத்ததால் தப்பியது. பொதுப்பணிகளின் சத்தத்தாலும் புகையாலும் வீட்டு மதிப்பு குறைந்தால் நஷ்டஈடு தரும் சட்டம் 1973இல் வந்தது. லண்டனைச் சுற்றி இன்னும் போட இருந்த வளையச் சாலைத் திட்டத்தையும் அதே வருடம் கைவிட்டார்கள்.

வட இங்கிலாந்தின் எம்62 மோட்டார்வே நடுவே மாட்டிக்கொண்ட ஸ்டாட் ஹால் பண்ணைப் படமும் கண்ணில் படும். விவசாயி விற்க மறுத்ததால் சாலை இரண்டாகப் பிரிந்தது என்று கூடவே ஒரு கதையும் வரும். நம்பாதீர்கள். அங்கே மலைச்சரிவும் மண்ணும் சரியில்லாததால்தான் இரண்டு பக்கத்தையும் பிரித்துப் போட்டார்கள்.

தேடுவதற்கு: லெய்ங் கம்பெனியின் படங்கள் இப்போது ஹிஸ்டாரிக் இங்லண்ட் என்ற பொது அமைப்பின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கானவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். எம்1 என்று மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். கட்டும்போது அதை லண்டன்–யார்க்‌ஷயர் மோட்டார்வே என்றுதான் சொன்னார்கள், அந்தப் பெயரிலும் பக்கத்து ஊர்களின் பெயரிலும் தேடினால் இன்னும் கிடைக்கும். பார்ப்பதற்குக் காசில்லை. புத்தகத்திலோ வீடியோவிலோ போடுவதாக இருந்தால் மட்டும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.