மேலிடத்தை எதிர்த்துப் பேசி, அதற்கு விலை கொடுத்த அமெரிக்கத் தூதர் யாராவது உண்டா?

உண்டு. ஆர்ச்சர் ப்ளட். ஆனால் அவர் கடைசிவரை முழுத் தூதர் பதவிக்கு உயரவே இல்லை. அவர் கொடுத்த விலை அதுதான்.

1923இல் சிகாகோவில் பிறந்தவர். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படிப்பு, உலகப் போரில் கடற்படை, 1947இல் வெளியுறவுப் பணி. கிரீஸ், ஜெர்மனி, அல்ஜீரியா, ஆப்கானிஸ்தான் என்று ஊர் ஊராகப் போனார். அறுபதுகளின் தொடக்கத்தில் டாக்காவில் வேலை பார்த்தவர், 1970இல் அங்கிருந்த அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்குத் தலைவராகத் திரும்பி வந்தார். அதுவரை அவர் மேலதிகாரிகளோடு மோதிப் பேர் வாங்கியவர் இல்லை.

அந்த வருடம் டிசம்பரில் நடந்த தேர்தலில் கிழக்கு பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) 169 இடங்களில் 167 அவாமி லீக் கட்சிக்குப் போயின. மொத்த நாடாளுமன்றத்திலும் அதுவே பெரும்பான்மை. கட்சித் தலைவர் முஜிபுர் ரஹ்மான் பிரதமராகியிருக்க வேண்டும். ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்கா மீதே ராணுவத்தை ஏவினார். பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களும் ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பழைய டாக்காவில் இந்துக்கள் வாழ்ந்த பகுதிகள் எரிந்தன. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை உடனே நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். தந்தி, தொலைபேசி எல்லாம் துண்டிப்பு. ப்ளட்டின் அலுவலகத்தில் மறைவாக ஒரு வயர்லெஸ் இருந்ததால், நடப்பதை அவரால் வாஷிங்டனுக்குச் சொல்ல முடிந்தது. தங்கள் வீடுகளில் தஞ்சம் கேட்டு வந்தவர்களை அவரும் சக ஊழியர்களும் ஒளித்தும் வைத்தார்கள்.

மூன்றே நாளில், குறிப்பிட்ட மக்களைத் தேடித் தேடி நடக்கும் இனப்படுகொலை இது என்று எழுதி அனுப்பினார். வாஷிங்டன் அசையவில்லை. சுட்டுக் கொண்டிருந்த ராணுவத்திடம் இருந்தவற்றில் பல அமெரிக்க ஆயுதங்கள், அமெரிக்க டாங்கிகள்.

ஏன் அந்த மௌனம் என்று டாக்காவில் யாருக்கும் தெரியாது. அதிபர் நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் சீனாவோடு ரகசியமாகப் பேச யாஹ்யாவைப் பாலமாக வைத்திருந்தார்கள். ஜூலையில் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தானிலிருந்துதான் ரகசியமாக பீஜிங்குக்குப் பறந்தார். சீன உறவு பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ருமேனியா வழியாகவும் சேதி போய் வந்துகொண்டிருந்தது. யாஹ்யாவை விட்டால் வேறு வழியே இல்லை என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, டாக்காவிலிருந்து மேலிடத்தை எதிர்த்துப் போன தந்திக்கு வருவோம். 1971 ஏப்ரல் 6. துணைத்தூதரகத்திலும் மற்ற அமெரிக்க அலுவலகங்களிலும் இருந்த இருபது பேர், ஸ்காட் புட்சர் என்ற இளம் அதிகாரி எழுதிய வாசகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஜனநாயகம் நசுக்கப்படுவதை நம் அரசு கண்டிக்கவில்லை, கொடுமைகளைக் கண்டிக்கவில்லை, தன் அமெரிக்கக் குடிமக்களைக் காக்கவும் உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்று வரிசையாகக் குற்றம் சாட்டும் வாசகம் அது. அரசின் கொள்கையோடு உடன்படாத அதிகாரிகள் அதை எழுத்தில் தெரிவிக்க அப்போதுதான் ஒரு முறையான வழி வந்திருந்தது. இவர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். எதையும் பத்திரிகைக்குக் கசியவிடவில்லை.

ப்ளட் அதைத் தடுத்திருக்கலாம். அல்லது எதுவும் சொல்லாமல் மேலே தள்ளிவிட்டுத் தப்பித்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. இந்தக் கருத்துகள் எனக்கும் உடன்பாடு, அலுவலகத் தலைவராக இருக்கும்வரை கையெழுத்திடுவது முறையல்ல என்பதால்தான் இடவில்லை என்று கீழே எழுதினார். அதோடு இன்னொன்றும் சேர்த்தார்: இந்தப் போராட்டத்தில் பெரும்பாலும் வங்காளிகள்தான் ஜெயிப்பார்கள், வங்கதேசம் தனி நாடாகும், தோற்கப்போகிறவர் பக்கம் நின்று அவாமி லீகின் நல்லெண்ணத்தை இழப்பது முட்டாள்தனம்.

அவரை மனசாட்சியுள்ள மனிதர் என்று மட்டும் பாராட்டுவது எனக்குப் போதாததாகப் படுவது இந்த வரிகளால்தான். உணர்ச்சிவசப்பட்ட அதிகாரி, யதார்த்தம் தெரிந்த தலைவர்கள் என்று அன்றைய கதையைச் சொல்வார்கள். ஆனால் யதார்த்தத்தைச் சரியாகப் படித்தவர் ப்ளட். அடுத்த எட்டே மாதத்தில், டிசம்பர் 16 அன்று, பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் சரணடைந்தது. அதற்குள் சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த ஜூன் மாதமே ப்ளட் டாக்காவை விட்டுப் போக வேண்டியதாகிவிட்டது. வாஷிங்டனில் பணியாளர் விவகாரப் பிரிவில் உட்கார வைத்தார்கள். வெளியுறவு அதிகாரிகளின் சங்கம் அதே ஆண்டு அவருக்குத் துணிச்சலான மாற்றுக் கருத்துக்கான ஹெர்ட்டர் விருதைக் கொடுத்தது. பின்னாளில் டெல்லி தூதரகத்தில் இரண்டாம் இடம்வரை வந்தார், தூதர் இல்லாத நேரத்தில் பொறுப்பையும் கவனித்தார். 1982இல் ஓய்வு. அப்புறம் பென்சில்வேனியாவில் அலெகெனி கல்லூரியில் இருந்தார். 2004இல் கொலராடோவில் காலமானார். அடுத்த ஆண்டு டாக்காவின் அமெரிக்க மைய நூலகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அந்தத் தந்தியின் ரகசியத் தடை நீங்கி வெகுகாலம் ஆகிறது, இணையத்தில் முழுசாகக் கிடைக்கிறது. சில பக்கங்கள்தான். இருபது கையெழுத்தோடு நிறுத்திவிடாமல், அதன் கீழே ப்ளட் சேர்த்த பகுதியையும் படியுங்கள்.