அப்பாவை யார் பார்த்துக்கொள்வது?

வணக்கம் அக்கா,

நான் சென்னை மேடவாக்கத்தில் இருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் மன்னார்குடியில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 80 வயது, அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு 74. ஒன்றரை வருடமாக அம்மாவுக்கு மறதி. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுகிறார், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். போன மாதம் நடுராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விட்டார். இப்போது சமையல், துணி எல்லாம் அப்பாதான். லைப்ரரிக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், வீட்டை விற்றுவிட்டுக் கோவையில் முதியோர் குடியிருப்பில் ஒரு வில்லா வாங்கலாம் என்கிறான். திருப்பூரில் இருக்கும் தம்பி, ஆறு மாதம் என்னிடம், ஆறு மாதம் அவனிடம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்கிறான். எங்கள் ஃப்ளாட்டில் இரண்டு பெட்ரூம்தான், மாமியாரும் எங்களோடு இருக்கிறார். அப்பாவோ, 'யார் பார்த்துக்கொள்கிறீர்களோ அவர்கள் பேருக்கு வீட்டை எழுதிவிடுகிறேன்' என்கிறார். சொந்தக்காரர்கள், 'மூணு பிள்ளை பெத்தும் ஹோம்ல விடப்போறீங்களா' என்று கேட்கிறார்கள். அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது அக்கா? பெயர் வேண்டாம்.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் முழுக்க அம்மாதான் இருக்கிறார். எனக்குக் கவலை தந்த வரி, அப்பா லைப்ரரிக்குப் போவதை விட்டுவிட்டார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். எண்பது வயதுக்காரர், சர்க்கரை நோயாளி, சமைக்கிறார், துவைக்கிறார், மனைவி எழுந்து போய்விடுவாரோ என்று ராத்திரியெல்லாம் காது கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறார். உங்கள் வீட்டில் முதலில் விழப்போவது அவராக இருக்கலாம். என் பெரியம்மாவுக்கு இதே மறதி வந்தபோது பெரியப்பா தன் குடலிறக்க ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. அன்று ராத்திரி பெரியம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று யாருக்குமே தெரியவில்லை. அதனால் நீங்கள் மூன்று பேரும் சொல்லும் யோசனைகளை நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: இதில் அப்பாவுக்கு ஓய்வு கிடைக்குமா?

அதற்கு முன்னால் ஒன்று. அம்மாவை எந்த டாக்டர் பார்த்தார், என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவே இல்லை. வயதானால் மறதி வரும் என்று விட்டுவிட்டீர்களா? பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் இப்படியே மறதி வரும். எப்போதோ கீழே விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம், சில தூக்க மாத்திரைகள், இவற்றாலும் வரும். இதெல்லாம் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. திடீரென்று ஒரு ராத்திரி குழப்பம் அதிகமானதற்குப் பின்னால் சிறுநீர்த் தொற்றுகூட இருக்கலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், முதலில் அங்கே நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். சென்னைக்கு அழைத்து வர முடிந்தால் கிண்டியில் முதியவர்களுக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது. டிமென்ஷியா என்கிற மறதி நோய்தான் என்று உறுதியானாலும் பரவாயில்லை. என்ன நோய், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரிந்துகொண்டு வீட்டைப் பற்றி முடிவெடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு.

தம்பியின் யோசனைக்கு மட்டும் நேராகவே வேண்டாம் என்கிறேன். அன்போடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் மறதி வந்தவருக்கு அவர் இருக்கும் வீடே பாதி ஞாபகம். கொல்லைப்புறம் எந்தப் பக்கம், சுவிட்ச் எங்கே, எத்தனை படி என்பதெல்லாம் காலுக்கும் கைக்கும் தெரியும், யோசிக்கவே வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அதைப் பிடுங்கிப் புதிதாகப் பழகச் சொன்னால், பழகுவதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடும். அப்பாவும் ஒவ்வொரு தடவையும் பெட்டியோடு பின்னால் போக வேண்டும். இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா உங்களிடம் வந்த பிறகு 'வீட்டுக்குப் போகணும்' என்று சாயங்காலமானால் அழலாம். மன்னார்குடிக்குப் போகத்தான் கேட்கிறார் என்று நினைத்து நீங்கள் நொந்துபோக வேண்டாம். இந்த நோய் உள்ளவர்கள் பல வருடம் வாழ்ந்த சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே அப்படிக் கேட்பார்கள்.

அண்ணன் சொல்வதை அவ்வளவு சீக்கிரம் தள்ள மாட்டேன். கோவை திருப்பூருக்குப் பக்கம், வாரா வாரம் தம்பி போய் வரலாம். உங்கள் மூன்று பேரில் யாரும் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. சொந்தக்காரர்கள் கேட்பதை விடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவைத் தேடித் தெருவுக்கு ஓடியவர் அப்பா, அவர்கள் இல்லை. ஆனால் வில்லா என்று விற்கிற இடங்களில் பல, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடியவர்களுக்கானவை. சாப்பாடு வரும், நர்ஸ் கூப்பிட்டால் வருவார், அவ்வளவுதான். அங்கே போனாலும் ராத்திரிக் காவல் அப்பாவுக்குத்தான். அம்மாவின் நிலைமை முற்றினால் அதே வளாகத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வார்களா, அப்போது மாதச் செலவு எவ்வளவு, நடுவில் காலி செய்தால் பணம் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்க விடுகிறார்களா என்றும் கேட்கலாம். விட்டால் போய் இருக்கட்டும். மன்னார்குடி வீடு அதுவரை அப்படியே பூட்டிக் கிடக்கட்டும்.

வீட்டை எழுதிவைக்கும் பேச்சு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அப்பா ஏன் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். பெற்ற பிள்ளைகளிடம் தனக்கும் மனைவிக்கும் ஓர் இடம் கேட்க அவர் விலை சொல்கிறார். மூன்று பேரும் சேர்ந்து, 'எங்களுக்கு அது வேண்டாம்பா' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் தானசெட்டில்மென்ட், அதாவது வீட்டை இப்போதே பிள்ளை பெயருக்கு மாற்றிவிடும் பத்திரம், எழுதிக்கொடுத்துவிட்டால் பிறகு மனம் மாறினாலும் அவராக அதை ரத்து செய்வது லேசில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுப்போடலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்ததைக் காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், பெற்றோருக்கு நன்மை தரும் விதமாக அந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. சரி, சட்டம் இருக்கிறது. ஆனால் எண்பது வயதில் சொந்தப் பிள்ளைமேல் மனு எழுதிக்கொண்டு கோட்டாட்சியர் ஆபீஸ் படியேறும் நிலைமை உங்கள் அப்பாவுக்கு எதற்கு? அவருக்கு மனதில் ஏதாவது இருந்தால் உயில் எழுதட்டும், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

காகிதங்களில் அவசரம் என்றால் அம்மாவுடையதுதான். அவர் பெயரில் வங்கிக் கணக்கு, நகை லாக்கர், நிலம் ஏதாவது இருக்கிறதா? அவருக்குப் புரிந்து கையெழுத்துப் போட முடிகிற இப்போதே கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், நாமினி போடுங்கள். அவருக்குப் பதிலாக நாம் கையெழுத்துப் போட பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். முடிவெடுக்கும் நிலையை ஒருவர் இழந்துவிட்டால் நம் நாட்டில் அவர் கொடுத்த பவரும் செல்லாது. அதன் பிறகு காப்பாளரை நியமிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருக்கும். அப்பாவின் பென்ஷன் ஆவணத்தில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வர வேண்டும், ஓர் எழுத்துப் பிழைக்காக உங்களை அலையவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், இன்னும் ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம், இருவரும் மன்னார்குடியிலேயே இருக்கட்டும், ஆனால் இப்போது இருப்பது போல இல்லை. சமையலுக்கு ஓர் ஆள், அம்மாவோடு இருக்க ஓர் அம்மாள். தெருவிலேயே தெரிந்தவர்களாகக் கிடைத்தால் ஏஜென்சியைவிட நல்லது. வாரத்தில் இரண்டு மூன்று ராத்திரியாவது யாராவது கூடப் படுக்க வேண்டும், அப்பா பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். வாசல் கதவைத் திறந்தால் மணி அடிக்கிற மாதிரி ஒன்று மாட்டுங்கள், பாத்ரூமில் பிடிகம்பி, வழியில் ராத்திரி விளக்கு, வேலை முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடும் பழக்கம். பிறகு அம்மாவின் நிலைமை மாறினால் இருவரையும் சேர்த்தே, மறதி உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஓர் இடத்துக்கு, உங்களில் ஒருவருக்குப் பக்கத்தில் மாற்றுங்கள். அம்மாவை இங்கே, அப்பாவை அங்கே என்று மட்டும் பிரிக்காதீர்கள்.

இதற்கு ஆகும் பணத்தைப் பெரும்பாலும் அண்ணன் தரட்டும். அதில் உங்களுக்குக் கூச்சம் வேண்டாம். லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து ஓடப்போகிறவர்கள் நீங்களும் தம்பியும்தான், அதுவும் செலவுதான். மூன்று பேரும் ஒரே போன் காலில் பேசுங்கள், அப்பாவையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் ஆளாளுக்கு யோசனை சொல்கிறீர்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். முதலில் 'எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்' என்பார். அதோடு விட்டுவிட வேண்டாம்.

தஞ்சாவூருக்குப் போகும்போது அப்பாவின் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ரத்தம் எடுக்கும்போது அவருக்கும் சர்க்கரை, பிரஷர், கண் எல்லாம் பார்த்துவிடச் சொல்லுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.