லினக்ஸ் லேப்டொப்பில் பழைய இணைய விளையாட்டுகளை ஓட வைக்க முடியுமா?

கேள்வி: கல்முனையில் இருக்கிறேன். பழைய லேப்டொப் ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டிருக்கிறேன். சின்ன வயதில் விளையாடிய இணைய விளையாட்டுகளைத் திறந்தால் பிளக்இன் (பிரவுசரோடு சேர்க்கும் துணை மென்பொருள்) ஆதரிக்கப்படவில்லை என்று வருகிறது. பழைய பிரவுசரும் பழைய பிளாஷ் பிளேயரும் தேடிப் போடலாமா?

போடாதீர்கள். பழைய இணைய விளையாட்டுகள் பலவற்றை ஓட்டிய பிளாஷை, அதை வெளியிட்ட அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் 31 உடன் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் புதிய பிளேயர்களே பிளாஷ் கோப்புகளைத் திறக்க மறுக்கின்றன. அந்தத் தடை இல்லாத பழைய பதிப்பு கிடைத்தாலும், அதிலுள்ள பாதுகாப்பு ஓட்டைகளை இனி அடைக்க ஆளில்லை. வங்கிக் கணக்கையும் அதே லேப்டொப்பில்தானே பார்ப்பீர்கள்?

முதலில் விளையாட்டு எதில் செய்யப்பட்டது என்று பாருங்கள். பக்கத்தில் கன்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அழுத்தினால் அதன் மூலநிரல் வரும். அதில் எஸ்.டபிள்யூ.எஃப் (.swf) என்று முடியும் கோப்புப் பெயர் இருந்தால் அது பிளாஷ். டி.சி.ஆர் (.dcr) என்றால் ஷொக்வேவ் என்ற இன்னொரு பழைய பிளக்இன். யூனிட்டி3டி (.unity3d) என்றால் யூனிட்டி வெப் பிளேயர், அதுவும் ஒரு பழைய பிளக்இன்.

பிளாஷ் என்றால் கவலையே வேண்டாம். ரஃபிள் என்ற இலவச எக்ஸ்டென்ஷனை பயர்பொக்ஸிலோ குரோமிலோ சேர்த்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறங்கள். அது பழைய பிளக்இன் அல்ல. பிளாஷ் செய்த வேலையை ரஸ்ட் என்ற நிரல்மொழியில் புதிதாக எழுதியிருக்கிறார்கள். பிரவுசரின் பாதுகாப்பு எல்லைக்குள்ளேயே ஓடுகிறது. பிளாஷின் நிரல்மொழியான ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 இல் எழுதிய பழைய விளையாட்டுகள் பெரும்பாலும் ஓடிவிடும். 3 இல் எழுதியவை சில இடையில் நிற்கும். இன்று ஓடாதது அடுத்த பதிப்பில் ஓடலாம், விட்டுவிடாதீர்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: நீங்கள் எட்டிய கட்டம் பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கும். தளத் தரவை அழித்தால் அதுவும் போய்விடும்.

களுவாஞ்சிக்குடியில் என் அக்கா நடத்தும் சிறுவர் வகுப்பிலும் பழைய பாட சீடிகள் இருந்தன, உள்ளே எல்லாம் பிளாஷ் கோப்புகள். அவற்றுக்கு ரஃபிளின் டெஸ்க்டொப் செயலி போதும், இணையமே தேவையில்லை. பிள்ளைகள் எழுத்துப் பழகும் விளையாட்டுகள் அப்படித்தான் மீண்டும் உயிர் பெற்றன. இந்தக் கருவியை எழுதிக் கொடுத்தவர்களுக்கு நான் உண்மையாகவே நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஷொக்வேவ், யூனிட்டி இரண்டும் கடினம். யூனிட்டி வெப் பிளேயர் லினக்ஸுக்கு முறையாக வரவே இல்லை. முன்பு பைப்லைட் என்ற கருவி, வைன் (லினக்ஸில் விண்டோஸ் மென்பொருள்களை ஓட்டும் மென்பொருள்) வழியாக விண்டோஸ் பிளக்இன்களை லினக்ஸ் பிரவுசருக்குள் ஓட்டியது. பிரவுசர்கள் அந்தப் பழைய பிளக்இன் முறையையே நீக்கிய பிறகு அந்த வழியும் அடைபட்டது. இப்போது பழைய இணைய விளையாட்டுகளைச் சேமித்து வைத்திருக்கும் பிளாஷ்பொயின்ட் என்ற காப்பகத்தில் தேடிப் பாருங்கள். முழுத் தொகுப்பு ஒரு டெராபைட்டுக்கும் மேல். நம் டேட்டா பெக்கேஜுக்குச் சரிவராது. அதன் இன்ஃபினிட்டி பதிப்பை எடுங்கள், அது தேவையான விளையாட்டை மட்டும் அவ்வப்போது இறக்கும். அது முதலில் விண்டோஸை நினைத்துச் செய்தது என்பதால் லினக்ஸில் சிலவற்றுக்கு வைனும் வேண்டும்.

நீங்கள் தேடுவது பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு என்றால் மட்டும், அதன் சேர்வர் இன்னும் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். சேர்வர் நின்றுபோயிருந்தால் எந்த பிளக்இனைப் போட்டும் பயனில்லை.