நடைப்பயிற்சிக்காகத் தூக்கத்தைக் குறைக்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. வேலை முடிந்து படுக்க 12 மணி ஆகிவிடுகிறது. 5 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஒரு மணி நேரம் நடக்கிறேன். இரவில் இரண்டு சப்பாத்தி மட்டும்தான். மூன்று மாதமாகியும் எடை குறையவில்லை. 3 மணிக்கு விழிப்பும் வந்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் முயற்சியில் குறையில்லை. தூக்கம்தான் போதவில்லை. அமெரிக்காவில் 68,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களை 16 ஆண்டுகள் கவனித்தார்கள். 5 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கிய பெண்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட எடை அதிகம் கூடியிருந்தது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும். மாலை 4 மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடிக் கை போவது இதனால்தான். உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று வருந்தாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. 2010-இல் சிகாகோவில் பத்துப் பேருக்கு ஒரே அளவில் உணவைக் குறைத்து இரண்டு வாரம் சோதித்தார்கள். படுக்கையில் எட்டரை மணி நேரம் இருந்தபோது 1.4 கிலோ கொழுப்பு கரைந்தது. ஐந்தரை மணி நேரமாகக் குறைத்தபோது 0.6 கிலோதான். மொத்த எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. அதாவது, மீதி இழப்பில் தசையும் போயிருக்கிறது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் உணவைக் குறைத்துக்கொண்டே தூக்கத்தையும் குறைப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

இப்போதைக்கு 5 மணி நடையை நிறுத்துங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் 15 நிமிடம், மாலையில் அரை மணி நேரம் நடந்தால் போதும். எழும் நேரத்தை 6 என்று நிலையாக வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தை நான்கு நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். ஒரு மாதத்துக்குள் பத்தரைக்குப் படுக்கலாம். மாவு அரைப்பது, டிபன் பாக்ஸ் கழுவுவது எல்லாம் உங்கள் தலையில் மட்டும் விழுந்தால் இது நடக்காது, வீட்டில் பிரித்துக்கொள்ளுங்கள்.

வெறும் இரண்டு சப்பாத்தியோடு படுத்தால் நள்ளிரவில் பசிக்கலாம். 8 மணிக்குள் அதோடு ஒரு கிண்ணம் பருப்பு அல்லது ஒரு முட்டை சேருங்கள். மதியம் 2 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். 3 மணிக்கு விழித்தால் போனில் மணி பார்க்காதீர்கள். 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது மறுபடி படுங்கள்.

குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். காலையில் தலைவலி, வாய் வறட்சி, பகலெல்லாம் அசதி இருந்தால், குறட்டை லேசாக இருந்தாலும், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். பெண்களுக்கு இது பெரும்பாலும் 'வெறும் சோர்வு' என்றே தள்ளிப்போகிறது. தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் அளவு) மூன்றையும் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து குறைந்தால் இரவில் கால் குடைச்சல் வந்து தூக்கம் கெடும். வியர்த்துக்கொட்டி விழிப்பு வந்தால், மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மூச்சுத் தடை இருந்தால் சில மாத்திரைகள் அதை மோசமாக்கும்.